சிப்பி எழுத்தைத் தேய்ச்சவங்க

"இன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு நிலாவும் ஒண்ணா எழும்புது, கடல் பொங்கிக் குகைய மூழ்கடிச்சுடும். அதுக்குள்ள உங்க அக்காவ வெளிய கொண்டு வரலேன்னா அவ்ளோதான். வர்றியா, இல்ல கரையிலயே நின்னு அழப்போறியா?"

படகுல நின்னுக்கிட்டு ஓங்கல் இப்படிக் கேட்டதுதான், மருதி கரையில இருந்து எகிறினா. ஒரே தாவு! படகு குலுங்கி, பாதித் தண்ணி உள்ள வந்துச்சு.

"ஏய்! மேட்டுக்காரி! இது உங்க ஊரு பாறை இல்ல, படகு. மெதுவா ஏறு!"

"டேய் காரி, சீக்கிரம் ஏறுடா!" மருதி கரையப் பாத்துக் கத்தினா.

அவளோட மாமா பையன் காரி, தோள்ல ரெண்டு கட்டு கயிறு, கையில ஒரு தோல் பை, மூஞ்சி நிறைய வேர்வையோட ஓடி வந்தான். மலை ஏறுறதுல அவன மிஞ்ச உச்சிமேட்டுல ஆள் கிடையாது. தண்ணியப் பாத்தா மட்டும் தொடை நடுங்கும். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு ஏறினான்.

"சோத்து மூட்டைய எடுக்க விடாம இந்தக் காகித மூட்டைய எடுக்க வெச்ச பாரு" பைய மருதி மடியில தூக்கிப் போட்டான். "குகைக்குள்ள காகிதத்தையா திம்போம்?"

"கல்லெழுத்து இருக்கும்டா. தாள வெச்சு ஒத்திப் படி எடுக்க வேணாமா?"

"முதல்ல வெண்ணியக்காவ எடுப்போம். அப்புறம் படி எடு."

மருதி பைய ஓரமா ஒதுக்கி வெச்சா. அவன் சொன்னது சரிதான். வெண்ணி அவளோட கூடப் பொறந்த அக்கா. ரெண்டு நாளைக்கு முன்னாடி யார்கிட்டயும் சொல்லாம தனியா ஊதுகுகைக்குப் போயிட்டா. காலையில அந்தப் பக்கம் வலை போடப் போன ஓங்கல், குகை வாசல்ல வெண்ணியோட ஓடம் காலியா ஆடுறதப் பாத்துட்டு நேரா உச்சிமேட்டுக் கரைக்கு வந்து தகவல் சொன்னா. வேற யாரா இருந்தா, மேட்டுக்காரி எப்படிப் போனா எனக்கென்னன்னு வலையச் சுருட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. ஏன்னா மேட்டுக்காரங்களுக்கும் பார்க்காரங்களுக்கும் அவ்ளோ ஆகாது.

ஆகாததுக்குக் காரணமே எழுத்துதான்! எல்லாரும் ஒரே கப்பல்ல வந்தவங்க. அந்தக் கப்பல்ல செப்பேடு வந்துச்சு, அதுல தாயெழுத்து இருந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் சொல்லும். இறங்கின ஆளுங்கள்ல பாதிப் பேர் மலை ஏறி உளி பிடிச்சாங்க. அவங்க எழுத்து கோடு கோடா, நேரா, வெடுக்குனு இருக்கும். அதுக்குப் பேரு உளியெழுத்து. மிச்சப் பேர் கடல் பாறை மேலயே, அதாவது பார் மேலயே, குடிசை போட்டாங்க. அவங்க கல்லுல ஒட்டுச்சிப்பிய நட்டு நட்டு எழுதுவாங்க. புள்ளி புள்ளியா, வளைஞ்சு வளைஞ்சு போகும். அது சிப்பியெழுத்து. ரெண்டுலயும் எழுத்து இருபத்தினாலுதான். ஆனா எது தாயெழுத்தோட நிஜமான வாரிசுன்னு சண்டை போட்டே பத்துத் தலைமுறை போயிடுச்சு. அந்தச் செப்பேட்டக் கண்டுபிடிச்சு சண்டைய முடிச்சு வெக்கிறேன்னுதான் வெண்ணி கிளம்பியிருக்கா.

துடுப்ப வலிச்சுக்கிட்டே ஓங்கல் கேட்டா, "உங்க அக்காவுக்கு எங்க எழுத்து படிக்கத் தெரியுமா?"

"அந்தச் சிரங்கு எழுத்தையா?" காரி கண்ண மூடிக்கிட்டே சிரிச்சான்.

"கோழி கிளறின மாதிரி கீறி வெக்கிறவன் பேசுறான் பாரு! உங்க எழுத்து செத்த எழுத்துடா. எங்களுது உசுரோட இருக்கும்."

மருதிக்கு சுருக்குனு இருந்துச்சு. ஆனா இவகிட்ட இப்போ சண்டை போட்டா படக யார் ஓட்டுறது? "அக்கா எந்த எழுத்தையும் படிப்பா"ன்னு மட்டும் சொன்னா. உசுரோட இருக்கும்னு ஓங்கல் சொன்னத சும்மா பெருமைக்குச் சொன்னதா நெனச்சுட்டா. அங்கதான் தப்பு பண்ணினா.

உச்சி வெயில்ல கடல் நல்லா வத்திக் கெடந்துச்சு. ஊதுகுகை வாய் பொளந்து நின்னுச்சு, யானை நுழையிற அளவு. மேல பாறை உச்சியில எங்கயோ ஒரு துளை வழியா காத்து போற சத்தம், 'ஹூம்ம்ம்'னு அடித்தொண்டையில.

"அதுதான் கொம்புத் துளை" ஓங்கல் காதத் தீட்டிக்கிட்டா. "கடல் உள்ள ஏற ஏற காத்து அது வழியாத் தப்பிக்கும். சத்தம் மெலிசா ஆச்சுன்னா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம். இப்போ தடியாத்தான் இருக்கு. நீங்க இறங்குங்க, நான் படகக் கட்டிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. நானே இந்தக் குகைக்குள்ள வந்தது இல்ல. இங்க எழுத்து நடுறது எங்க சித்தி வேலை, அவங்க இப்போ தூரத்துத் தீவுல இருக்காங்க."

தொடாதீங்கன்னா எப்படி? அக்கா உள்ள இருக்கா! மருதி பந்தத்தக் கொளுத்திக்கிட்டு ஓடினா. காரி கயிறோட பின்னாடியே. முப்பது அடிதான் போயிருப்பாங்க, வழி ரெண்டாப் பிரிஞ்சுச்சு. பிரியிற எடத்துல ஒரு பெரிய கல்லுச் சுவரு. தினமும் தண்ணி ஏறி நனைக்கிற எடம்ங்கிறதால சுவரு முழுக்க ஒட்டுச்சிப்பி மண்டிக் கெடந்துச்சு. ஆனா நடுவுல ஒரு பாய் அளவுக்கு மட்டும் பளபளன்னு சுத்தமா இருந்துச்சு!

"அக்கா வேலைடா இது!" மருதி துள்ளிக் குதிச்சா. "பாரு, தேய்ச்சுக் கழுவியிருக்கா!"

உச்சிமேட்டுல கல்லெழுத்தப் படிக்கிறதுக்கு முன்னாடி அதத் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். அழுக்குக் கல்லப் படிக்கிறவன ஊரே காறித் துப்பும். நடக்கப் பழகின பிள்ளைக்கு முதல்ல வாங்கித் தர்றதே பனைநார் பிரஷ்தான்.

சுத்தமான எடத்துல ஆழமா வெட்டின மூணு வரி. ரொம்பப் பழசு, ஆனா மருதிக்குத் தண்ணி பட்ட பாடு. "இடது பக்கம் போ. எண்பது அடி. குனிஞ்சு போனா ஏடு."

"எண்பது அடிதானே? இதோ வர்றேன்!" காரி இடது பக்கம் புகுந்துட்டான். தண்ணி இல்லாத எடம்னா அவன் புலி.

மருதியும் பின்னாடியே போயிருக்கணும். ஆனா கண்ணு மேல போச்சு. அந்த மூணு வரிக்கு மேல ஒரு எடத்துல சிப்பி ரொம்ப நெருக்கமா, தடிப்பா ஒட்டியிருந்துச்சு. அதுக்கு அடியில இன்னும் ஏதாவது வெட்டியிருந்தா? அக்கா அவசரத்துல விட்டிருந்தா? இடுப்புல இருந்து பிரஷ்ஷ உருவினா. சரக் சரக் சரக்! சிப்பியெல்லாம் சடசடன்னு கொட்டுச்சு. தேய்ச்சு முடிச்சுப் பாத்தா, வெறும் கல்லு. ஒரு கீறல் கூட இல்ல.

"ச்சே! வெட்டி வேலை."

அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு. மடமடமடன்னு கல்லு சரியிற சத்தம். கூடவே காரி, "அய்யோ மருதீ!"

மருதி பாஞ்சா. இடது வழியில தரை அப்பளம் மாதிரி ஒடஞ்சு ஒரு பெரிய ஓட்டை. காரி ஓட்டை ஓரத்துல ரெண்டு கையாலயும் தொங்கிக்கிட்டு இருந்தான், கால் காத்துல உதறுது. மருதி அவன் மணிக்கட்டப் பிடிச்சு இழுத்தா. முடியல! அவளும் வழுக்கிக்கிட்டே போனா. அந்த நேரம் பின்னாடி இருந்து ஒரு கை அவ இடுப்பு வாரப் பிடிச்சுச்சு. ஓங்கல்! தினம் வலை இழுக்கிற கை இல்லையா? ஒரே இழு, ரெண்டு பேரும் மல்லாந்து வந்து விழுந்தாங்க.

"தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" ஓங்கலுக்கு மூச்சு வாங்குச்சு.

ஓட்டைக்குள்ள இருந்து ஒரு குரல் வந்துச்சு. சன்னமா, ஆனா நல்ல கடுப்போட.

"யாருடா அது மேல? என் தலையில கல்லத் தள்றது?"

"அக்கா!" மருதி தவழ்ந்து போகப் பாத்தா. அவ முட்டி பட்ட எடம் உடனே விரிசல் விட்டுச்சு. இன்னொரு துண்டுக் கல்லு கீழ விழுந்துச்சு.

"வராத மருதி! நீ ஒரு அடி வெச்சா எனக்கு ஒரு கல்லு விழுது! நேத்து நானும் இப்படித்தான் விழுந்தேன். கணுக்கால் பிசகிடுச்சு. ராத்திரி கழுத்து வரைக்கும் ஏறிட்டுத்தான் வடிஞ்சுச்சு. இப்பவே தண்ணி முழங்கால் வரைக்கும் இருக்கு." கொஞ்சம் நிறுத்திட்டு, "நேத்து இந்நேரம் பாதம்தான் நனைஞ்சுது"ன்னா.

மருதி பின்னாடி நகர்ந்தா. அக்கா இருபது அடிக்குக் கீழ. இந்தப் பக்கமா இறங்க வழி இல்ல. கயிறு விடலாம்னா ஓரத்துக்கே போக முடியல.

"வேற வழி இருக்கும்" காரி கைய ஒதறிக்கிட்டு எழுந்தான். "எழுத்துல வேற ஏதாவது போட்டிருந்துச்சா?"

மூணு பேரும் சுவருகிட்ட திரும்பி வந்தாங்க. ஓங்கல் பந்தத்தத் தூக்கிப் பிடிச்சா. அவ்ளோதான், அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. கீழ குமிஞ்சு கெடந்த சிப்பிய ஒரு கை அள்ளினா. 

"யாரு தேய்ச்சது?"

"கீழ அக்கா. மேல நான். சுத்தம் பண்ணித்தானே படிக்கணும்? அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லு."

"வெறும் கல்லா?" ஓங்கல் போட்ட சத்தத்துல குகையே எதிரொலிச்சுச்சு. "சிப்பிதான்டி எழுத்து! கல்லுல வெட்டினது முதல்ல வந்தவங்க எழுதினது. வழி இடிஞ்சு போச்சுன்னா நாங்க அதச் செதுக்கி எடுக்க மாட்டோம். அதுக்குக் குறுக்க சிப்பி நடுவோம், இது செல்லாதுன்னு. புதுச் சேதிய மேல நடுவோம். வருஷா வருஷம் புதுக் குஞ்சு நட்டுப் புதுப்பிப்போம். சேதிய அழுக்குன்னு வழிச்சுப் போட்டுட்டு, செல்லாத வரியப் படிச்சுக்கிட்டுப் போயிருக்கீங்க அக்காளும் தங்கச்சியும்!"

மருதி சுவருல சாஞ்சு உக்காந்துட்டா. அக்கா குழியில கெடக்குறதுக்குக் காரணம் ஒரு பிரஷ். அவளக் காப்பாத்துற வழியக் கொட்டினதும் ஒரு பிரஷ். அது இப்பவும் அவ கையிலதான் இருந்துச்சு.

வெளிய கொம்புத் துளை சத்தம் மாறுச்சு. ஹூம்ம்னு இருந்தது ஹூஉன்னு ஆயிடுச்சு.

"ஏறுது" ஓங்கல் மெதுவாச் சொன்னா. "நிலா எழும்பப் போகுது."

"சரி, அழுகைய அப்புறம் வெச்சுக்க" காரி மருதி தோளத் தட்டினான். "எழுத்து போச்சு. எழுத்து இருந்த எடமாவது இருக்கா?"

எடம்! மருதி சட்டுனு நிமிந்து சுவரத் தடவினா. கண்ணுக்குத் தெரியல. ஆனா விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. சிப்பி பிச்சுக்கிட்டு வந்தாலும் அதோட அடிப்பாகம் கல்லுலயே ஒட்டிக்கிட்டு, மெலிசா ஒரு வளையம் மாதிரி நிக்குது. அம்மை போன தழும்பு மாதிரி! நூத்துக்கணக்குல!

"காகித மூட்டைய எடுடா!"

"இப்பவா?"

"இப்பத்தான்டா!"

மருதிக்குத் தெரிஞ்ச வேலை இது. தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் செய்வா. மெல்லிசுத் தாள கடல் தண்ணியில நனைச்சு சுவருல ஒட்டினா. அதே பிரஷ்ஷத் திருப்பிப் பிடிச்சு, இந்தத் தடவ தேய்க்கல, பூ மாதிரி ஒத்தி ஒத்தித் தாளக் கல்லோட படிய வெச்சா. துணிப் பந்துல மை தொட்டு மேல தட்டினா. தட் தட் தட் தட். மேடா இருக்குற எடத்துல மை புடிக்கும், பள்ளத்துல புடிக்காது.

வெள்ளத் தாள்ல கறுப்பு வளையம் ஒண்ணு வந்துச்சு. பத்து வந்துச்சு. வரிசையா, வளைஞ்சு வளைஞ்சு!

ஓங்கல் வாயப் பொளந்துட்டா. "இது என்னடி மாயம்?"

"செத்த எழுத்துக்காரங்க மாயம்" மருதி மூக்க உறிஞ்சினா. "படி சீக்கிரம்."

ஓங்கல் தாள்ல விரல் வெச்சு நகர்த்தினா. "பெரிய வளையம் பழைய சிப்பி, அத விட்டுடலாம். சின்ன வளையம் போன வருஷம் நட்டது, அதுதான் இப்போ செல்லும். ம்ம்... 'கீழ்வழி போகாதே. தரை பொய். கொம்புத் துளை வழியா மேல இருந்து இறங்கு.'"

"அப்போ கொம்பு வழியா இறங்கினா அக்கா இருக்கிற குழிக்கே போயிடலாம்!" காரி கயிற எடுத்துத் தோள்ல மாட்டிட்டான்.

ஓங்கல் அசையல. "இன்னும் ஒரு வரி இருக்கு." அவ விரல் கடைசி வரியில நின்னுச்சு. எல்லாத்தையும் விட நெருக்கமா, எல்லாத்தையும் விட சின்ன வளையமா இருந்த வரி. "'ரெண்டு நிலா நாள்ல இறங்காதே.'"

தண்ணி சலசலன்னு கணுக்காலத் தொட்டுச்சு.

"புதுசா நட்ட வரிய மீறினவள எங்க ஊர்ல படகுல ஏத்த மாட்டாங்க" ஓங்கல் தாளப் பாத்துக்கிட்டே சொன்னா. "படகு இல்லேன்னா எனக்கு என்ன இருக்கு?"

மருதி அவ மூஞ்சியப் பாத்தா. கெஞ்சணும் போல இருந்துச்சு. ஆனா எதச் சொல்லிக் கெஞ்சுறது? இவ எழுத்தையும் அழிச்சுட்டு, இவ பொழப்பையும் அழிக்கச் சொல்றதா? "நீ படகுக்குப் போ ஓங்கல். வழி சொன்னதே பெருசு. நானும் காரியும் ஏறிக்கிறோம்."

"ஏறி? கொம்போட சத்தம் புரியுமா உங்களுக்கு? எப்போ ஊதும், எப்போ அடிக்கும்னு தெரியுமா?" ஓங்கல் தாள மடிச்சு இடுப்புல சொருகினா. "எங்க சித்தி இந்த வரிய நட்டப்போ உள்ள ஆள் இல்ல. இருந்திருந்தா வேற மாதிரி நட்டிருப்பாங்க. எடு கயித்த!"

அப்புறம் என்ன, ஏற்றம்தான்! குகைக்கு வெளிய செங்குத்துப் பாறை. இப்போ காரி முன்னாடி, பல்லி மாதிரி. ஓங்கல் பாறையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்தா. "கீழ பாக்காத! தண்ணி என்ன உனக்குப் புதுசா?"ன்னு காரி மேல இருந்து கிண்டல் அடிச்சான். அவ பதிலுக்கு ஒரு கல்ல எறிஞ்சா. கிழக்க கடலுக்கு மேல ஒரு நிலா, செக்கச் செவேல்னு. அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு, சாம்பல் கலர்ல. வெயில் இன்னும் இறங்கல, அதுக்குள்ள ரெண்டும் வந்துடுச்சு.

கொம்புத் துளை ஒரு கிணத்து வாய் அகலம் இருந்துச்சு. உள்ள இருந்து வர்ற காத்து மருதி தலைமுடிய நேரா மேல தூக்குச்சு. சத்தம் இப்போ விசில் மாதிரி.

"கேட்டுக்க" ஓங்கல் அவ காதுகிட்ட கத்தினா. "விசில் இருக்குற வரைக்கும் பயம் இல்ல. விசில் நின்னுடுச்சுன்னா, உள்ள காத்துக்கு எடமே இல்லன்னு அர்த்தம். ரெண்டு மூச்சுதான், அடுத்து தண்ணி அடிக்கும்!"

காரி ரெண்டு கட்டு கயிறையும் நீளத்துக்கு ஒண்ணாக் கோத்து, ஒரு பாறைக் கொம்புல சுத்தி முடிச்சுப் போட்டான். ரெண்டு தடவ இழுத்துப் பாத்தான். "இறங்கு. நான் இருக்கேன்."

மருதி இறங்கினா. காத்து அவள மேல தள்ளுது, ஒடம்பு கீழ இழுக்குது. தொங்கிக்கிட்டே சுத்தினா. முழங்கை சிராய்ச்சுச்சு, ஒரு செருப்பு கழண்டு மேல பறந்துச்சு! கால் தண்ணியில பட்டப்போ, ஒரு ஓரத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு இருந்தா வெண்ணி. கையில ஒரு செப்புத் தகடக் கட்டிப் பிடிச்சிருந்தா.

"மேல இருந்து வர்ற! எப்படிடி?"

"சிப்பியெழுத்துல இருந்துச்சு."

"சிப்பியெழுத்தா? எங்க? நான் சுத்தமா தேய்ச்சுத்தானே..." வெண்ணி பாதியில நிறுத்திட்டா. அவ மூஞ்சியில அது உறைக்கிறது தெரிஞ்சுச்சு. "அய்யய்யோ."

"அதேதான். நானும் தேய்ச்சேன். அப்புறம் பேசலாம், கைய தூக்கு!" மருதி கயிற அக்கா அக்குளுக்கு அடியில சுத்திக் கட்டினா.

"மருதி, இன்னும் ஆறு ஏடு இருக்கு. அந்த மாடத்துல பாரு. நாம தேடினது எல்லாம் அங்க இருக்கு!"

மருதி பாத்தா. தலைக்கு மேல சுவருல ஒரு மாடம், அதுக்குள்ள மங்கலா செம்பு. கை நீட்டினா எட்டிடும். விசில் இன்னும் கூர்மையா ஆச்சு.

"எத்தனை தலைமுறையா வெள்ளம் வந்து போயும் அது அங்கயேதான இருக்கு? இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் ஆகும்." கயிற மூணு தடவ சுண்டினா. "காரீ! இழு!"

அக்கா மேல போனா. ஆடி ஆடி, ஒரு கால மடக்கிக்கிட்டு, அந்த ஒத்த ஏட்ட மட்டும் விடாம. தண்ணி மருதி நெஞ்சுக்கு வந்துச்சு. கழுத்துக்கு வந்துச்சு. கயிறு திரும்பி வந்து விழுந்துச்சு. வெரல் மரத்துப் போச்சு, முடிச்சு விழமாட்டேங்குது. ஒண்ணு... நழுவிடுச்சு. மறுபடியும்... விழுந்துடுச்சு!

விசில் நின்னுச்சு.

ஒரு சத்தமும் இல்ல.

"இழுடா!" மேல ஓங்கல் அலறுறது கேட்டுச்சு. மருதி ஒரு மூச்சு இழுத்தா. ரெண்டாவது மூச்சு இழுக்கல. அடியில இருந்து கடல் மொத்தமா வந்து அவ கால்ல மோதுச்சு! காரி இழுத்தானா, கடல் தள்ளுச்சா தெரியல. அடைச்ச பாட்டில்ல இருந்து தக்கை தெறிக்கிற மாதிரி மருதி கொம்புல இருந்து வானத்துக்குத் தெறிச்சா! கூடவே பத்து ஆள் உயரத்துக்குத் தண்ணி. விழுந்தது நேரா காரி மேல.

"அம்மாடி" கீழ நசுங்கிக் கெடந்த காரி முனகினான். "சோத்து மூட்டை கொண்டு வராதது நல்லதாப் போச்சு. சாப்பிட்டிருந்தா எல்லாம் இப்போ வெளிய வந்திருக்கும்."

வெண்ணி சிரிச்சா. அழுதுக்கிட்டே சிரிச்சா. மருதி ஈரத்தோட அவளக் கட்டிக்கிட்டா, ரொம்ப நேரம் விடவே இல்ல.

வெள்ளம் வடியிற வரைக்கும் பாறை உச்சியிலயே உக்காந்திருக்க வேண்டியதாப் போச்சு. அப்பதான் நாலு பேரும் அந்த ஏட்ட நல்லாப் பாத்தாங்க.  தாயெழுத்துல கோடும் இருந்துச்சு, புள்ளியும் இருந்துச்சு! எழுத்தக் கோடா வெட்டிட்டு, அதுக்கு மேல ஆணியால புள்ளி புள்ளியாத் தட்டியிருந்தாங்க. சில எடத்துல கோட்டுக்குக் குறுக்கயும் புள்ளி ஓடுச்சு.

"இந்த வரி செல்லாதுன்னு அர்த்தம்" ஓங்கல் பட்டுனு சொன்னா. "நாங்க செய்றது இதேதான்!"

"கோடு நாங்க செய்றது" வெண்ணி முணுமுணுத்தா. "மலைக்குப் போனவங்க கோட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டோம். நீங்க புள்ளிய வெச்சுக்கிட்டீங்க."

"அப்போ யாரு நிஜமான வாரிசு?" காரி கேட்டான். யாரும் பதில் சொல்லாததப் பாத்துட்டு, "நல்லது, இனிமே சண்டை போட வேற விஷயம் தேடணும்"னு படுத்துட்டான்.

மறுநாள் ஓங்கலோட ஊரான பார்த்திட்டுக் கரையில ரெண்டு ஊரும் கூடிடுச்சு. ஏட்டப் பாத்தவங்க ஆன்னு நின்னாங்க. வெண்ணியத் தோள்ல தூக்கி வெச்சு ஒரே கூத்து! ஆனா பார்த்திட்டுத் தலைவி கொண்டாட்டம் அடங்கட்டும்னு காத்திருந்து, ஓங்கலக் கூப்பிட்டா. ஓங்கல் தலையக் குனிஞ்சு போய் நின்னா. மருதி அவ பக்கத்துல போய் நின்னுக்கிட்டா.

"நட்ட வரிய மீறினியா?"

"மீறினேன்."

"ஏன்?"

"உள்ள ஆள் இருந்துச்சு."

தலைவி அவ தோள்ல கை வெச்சா. "அப்போ வரியிலதான் குறை. உன்மேல இல்ல. போய்ப் படக எடு." அப்புறம் அக்கா தங்கச்சி பக்கம் திரும்பினா. "அழிச்சது நீங்க ரெண்டு பேரு. நடுறதும் நீங்கதான்."

எட்டு மாசம்! தினமும் கடல் வத்துற நேரத்துல, முழங்கால் தண்ணியில நின்னு, கடுகளவு சிப்பிக் குஞ்சு ஒவ்வொண்ணா பாசிப் பசையில ஒட்டி ஒட்டி மருதியும் வெண்ணியும் நட்டாங்க. மைப்படித் தாளப் பாத்துப் பாத்து, வளையத்து மேல வளையம் மாறாம. முதல் மாசம் நட்டதுல பாதி அலையில போயிடுச்சு. "கோழி கிளறுறவங்க நடுறாங்க டோய்!"னு பார்த்திட்டுப் பிள்ளைங்க படகுல வந்து வேடிக்கை பாத்தாங்க. ஓங்கல் தினமும் வந்து தப்பு கண்டுபிடிச்சா. நாலாம் மாசம் தப்பு கொறைஞ்சுச்சு. எட்டாம் மாசம் அவளுக்குக் கண்டுபிடிக்க ஒண்ணும் இல்ல. அது அவளுக்குக் கடுப்பா இருந்துச்சு.

கடைசி வரிக்குக் கீழ ஒரு வரி புதுசா வந்துச்சு. மருதி உளியில கோடு போட, ஓங்கல் அதுல சிப்பி நட்டா. "உள்ள ஆள் இருந்தா இறங்கு. கயிறு ரெண்டு எடு."

"ரெண்டு எதுக்கு?"ன்னு தலைவி கேட்டா.

"ஒண்ணு உள்ள இருக்கிற ஆளுக்கு. இன்னொண்ணு ஓட்டையில விழப்போற காரிக்கு"ன்னா ஓங்கல்.

இப்போ மிச்ச ஆறு ஏட்டையும் பாக்க வழி படிக்கணும்னு உச்சிமேட்டுல இருந்து கூட்டம் கூட்டமா வர்றாங்க. குகை வாசல்ல மருதி ஒரு பெரிய கூடைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வர்றவங்க இடுப்பப் பாத்துட்டுக் கைய நீட்டுவா.

"பிரஷ்ஷ இதுல போட்டுட்டு உள்ள போங்க. படிக்கத் தெரியலேன்னா ஓங்கலக் கேளுங்க. அது அழுக்கு இல்ல."

கூடை நிறைஞ்சு வழியுது. அடியில, எல்லாத்துக்கும் முதல்ல போட்டது, அவளோட சொந்த பிரஷ்.